குறைமாதக் குழந்தையின் மூச்சுக்கு எந்த வழி? மதுரைப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

ஏழு மாதப் பிள்ளை தங்கும், எட்டு மாதப் பிள்ளை தங்காது என்று மதுரைப் பக்கத்தில் இன்னமும் சொல்லக் கேட்கலாம். அதில் துளியும் உண்மை இல்லை. நுரையீரலைப் பொறுத்தவரை வயிற்றுக்குள் கழியும் ஒவ்வொரு வாரமும் வரவுதான். எட்டாம் மாதத்தில் பிறக்கும் பிள்ளைக்கு, ஏழாம் மாதத்தில் பிறக்கும் பிள்ளையைவிட வாய்ப்பு கூடுதல். இந்தப் பேச்சை நம்பி, ஏழாம் மாதம் வலி கண்டால் 'பிழைத்துக்கொள்ளும்' என்று பக்கத்து ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. எட்டாம் மாதம் என்றதும் மனம் விட்டுப்போகிறவர்களும் உண்டு. இரண்டுமே பிள்ளைக்குக் கெடுதல்.

வாசகர்களிடமிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் வேறு மாதிரி இருக்கின்றன. வென்டிலேட்டர் வைக்கச் சம்மதிக்கலாமா? நுரையீரலுக்குள் விடும் மருந்து விலை அதிகம் என்கிறார்களே, அவசியந்தானா? இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு குழாய் மூடவில்லையாம், ஆபரேஷன் வேண்டுமா? பெரிய ஆஸ்பத்திரியா, தனியாரா?

இவை எல்லாம் பிறந்த பிறகு எழும் கேள்விகள். இவற்றில் பாதியை முடிவு செய்பவர் மருத்துவர். குடும்பம் கையெழுத்து மட்டுமே போடுகிறது. குடும்பத்தின் கையில் இருக்கும் முடிவுகள் வேறு: எந்த ஊரில் பிரசவம், எப்போது கிளம்புவது, பிள்ளையின் நுரையீரலை முதிரச் செய்யும் ஊசியைத் தாய்க்குப் போட்டாயிற்றா, கையிலிருக்கும் பணம் எத்தனை வாரம் தாங்கும், பிள்ளையை நெஞ்சோடு வைத்திருக்க வீட்டில் யார் யார் வருவார்கள். பணச் செலவு குறைந்த இந்த முடிவுகள்தாம், விலை உயர்ந்த இயந்திரங்களைவிட அதிகம் தீர்மானிக்கின்றன என்பது என் கருத்து. அதனால் அவற்றுக்கே இங்கே கூடுதல் இடம் தருகிறேன்.

## கோளாறு என்ன?

மூச்சு வெளியே போகும் ஒவ்வொரு முறையும் நுரையீரலின் காற்றுப் பைகள் சுருங்கி, நனைந்த பாலிதீன் பையின் இரு பக்கங்களைப் போல ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுப்பது சர்ஃபாக்டன்ட் என்னும் மெல்லிய படலம். கரு ஏறத்தாழ 24 வாரத்தில் அதைச் சுரக்கத் தொடங்குகிறது; போதிய அளவு சேர 34, 35 வாரம் ஆகிவிடும். இந்தக் குறைதான் குறைமாதப் பிள்ளைகளின் மூச்சுத் திணறலுக்குக் காரணம் என்பதை 1959-இல் அமெரிக்காவில் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் காட்டினார்கள். ஆனால் மருந்து வரவில்லை. 1963-இல் அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாக, 2 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான எடையில் பிறந்து, 39 மணி நேரத்தில் இறந்துபோனான். அதே எடையுள்ள பிள்ளைகள் இன்று மதுரையில் சில நாள் சிகிச்சைக்குப் பிறகு வீட்டுக்குப் போகிறார்கள்.

இரத்த ஓட்டத்திலும் ஒரு சிக்கல் சேர்ந்து வருகிறது. வயிற்றுக்குள் இருக்கும்போது நுரையீரலுக்கு வேலை இல்லை. இரத்தம் அதைச் சுற்றிக்கொண்டு போக, நுரையீரல் தமனிக்கும் பெருந்தமனிக்கும் நடுவே ஒரு குறுக்குக் குழாய் இருக்கிறது. நிறைமாதப் பிள்ளைக்கு இரண்டு மூன்று நாளில் அது தானாக மூடிவிடும். குறைமாதப் பிள்ளைக்குப் பல சமயம் திறந்தே இருந்து, ஏற்கெனவே திணறும் நுரையீரலுக்குள் கூடுதல் இரத்தத்தைத் தள்ளும்.

நிமிடத்துக்கு 60-ஐத் தாண்டும் மூச்சு, ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு முனகல், விடைக்கும் மூக்கு, உள்ளே குழியும் நெஞ்சு ஆகியவை அடையாளங்கள். 'பிள்ளை முனகிக்கொண்டே தூங்குகிறது' என்று பாட்டிகள் சொல்லும்போது சிரித்துவிட்டுப் போகாதீர்கள். காற்றுப் பைகள் ஒட்டிவிடாமல் இருக்கப் பிள்ளை தானே செய்யும் போராட்டம்தான் அந்த முனகல்.

## எதை வைத்து எடை போடுவது?

முதலில் வாரமும் எடையும். 26 வாரத்துப் பிள்ளைக்குச் சொன்னது 33 வாரத்துப் பிள்ளைக்குப் பொருந்தாது. பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லும் கதையை இதை வைத்துத்தான் சலிக்க வேண்டும். இரண்டாவது, பிள்ளை தானாக மூச்சு விட முயல்கிறதா என்பது. மூன்றாவது, இரவு இரண்டு மணிக்கு அந்த வார்டில் யார் இருக்கிறார்கள் என்பது. இயந்திரம் எல்லா இடத்திலும் கிடைத்துவிடும், அதைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி பெற்ற செவிலியர் கிடைப்பதுதான் அரிது. நான்காவது, சிகிச்சையே விட்டுச் செல்லும் காயம்: நுரையீரலில், கண்ணில், மூளையில், குடலில். கடைசியாகச் செலவு. ஒரு நாள் கட்டணத்தைக் கேட்டுப் பயனில்லை. பிள்ளை வீடு திரும்பும்வரை ஆகும் மொத்தத்தைக் கணக்கிட வேண்டும். 28 வாரத்தில் பிறந்த பிள்ளை ஒன்றரை, இரண்டு மாதம் உள்ளே இருக்க நேர்வது சாதாரணம்.

## முதல் முடிவு: தாயை அனுப்புவதா, பிள்ளையை அனுப்புவதா?

வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீடு வந்துவிடுகிறாள். பார்த்து வந்த மருத்துவர் மதுரையிலோ திருப்பூரிலோ இருப்பார். வலி வருவதோ சேடபட்டிப் பக்கத்து ஊரில். ஸ்கேன் தாள்கள் கணவன் வீட்டு பீரோவில். இந்தக் குழப்பத்தில்தான் முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) உள்ள புத்தகத்தையும் ஸ்கேன் தாள்களையும் பெண்ணின் பையிலேயே வைத்து அனுப்புங்கள். அதற்கு எந்தச் செலவும் இல்லை.

### தாயை, வயிற்றுப் பிள்ளையோடு

குறைமாதப் பிள்ளையைக் கொண்டுசெல்ல இதைவிடச் சிறந்த வண்டி இல்லை. குளிர் அடிக்காது, மூச்சு தடைப்படாது, சர்க்கரை இறங்காது. 34 வாரத்துக்குள் வலியோ நீர்க்குடம் உடைதலோ இருந்து, பிரசவத்துக்கு இன்னும் சில மணி நேரம் இருக்கும் என்று மருத்துவர் சொன்னால், பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்துக்குத் தாயை மாற்றுவதே மேல்.

மதுரை என்றவுடன் எல்லோர் நினைவுக்கும் வருவது கோரிப்பாளையத்துப் பெரிய ஆஸ்பத்திரிதான். ஆனால் உசிலம்பட்டிக்கு மேற்கே இருப்பவர்களுக்குக் கணவாயைத் தாண்டினால் க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தெற்கே விருதுநகரிலும் வடக்கே திண்டுக்கல்லிலும் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. கிழக்கே சிவகங்கை இருக்கிறது. எது பக்கம், எங்கே படுக்கை இருக்கிறது என்பதை அனுப்பும் மருத்துவமனையே தொலைபேசியில் கேட்டுவிட்டு அனுப்ப வேண்டும். கேட்டார்களா என்று நீங்கள் ஒரு வார்த்தை விசாரியுங்கள்.

கிளம்பும் முன் ஊசி. நான் ஒன்றே ஒன்றைத்தான் வலியுறுத்தலாம் என்றால் இதைத்தான் வலியுறுத்துவேன். தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி பிள்ளையின் நுரையீரலை முதிரச் செய்கிறது என்று 1972-இல் நியூசிலாந்தின் லிகின்ஸும் ஹௌவியும் வெளியிட்டார்கள். இந்திய வழிகாட்டுதலின்படி, 24 முதல் 34 வாரத்துக்குள் குறைமாதப் பிரசவம் நெருங்கினால் டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு ஊசிகள். முதல் ஊசியைப் போட்டுவிட்டு அனுப்பக் கிராம சுகாதார செவிலியருக்கே அனுமதி இருக்கிறது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2020-இல் வெளியான உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வில், 26 முதல் 33 வாரம்வரை இருந்த தாய்மாரில் இந்த ஊசி போட்ட பிரிவில் பச்சிளம் பிள்ளைகள் இறந்தது 19.6 சதவீதம், போடாத பிரிவில் 23.5 சதவீதம். ஏறத்தாழ 25 பிள்ளைகளுக்கு ஓர் உயிர். சில ரூபாய் விலையுள்ள வேறு எந்த மருந்தும் இந்தக் கணக்கோடு போட்டி போட முடியாது. முழுப் பயன் ஒரு நாள் கழித்துத்தான் என்றாலும், அவகாசமில்லாதபோது ஒரு ஊசியாவது உள்ளே போவது நல்லது.

இதற்கும் மறைமுக விலை உண்டு. சர்க்கரை நோய் உள்ள தாய்க்குச் சர்க்கரை ஏறும், கவனிக்க வேண்டும். கருப்பையில் தொற்று தெளிவாக இருந்தால் ஊசியைத் தவிர்ப்பார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று வாரா வாரம் போடக் கூடாது. இன்னொரு செலவு: பல நேரம் வலி அடங்கிவிடும். மதுரைக்கு வந்து ஒரு வாரம் வார்டில் கிடந்து, கூலியும் போய், பிரசவமும் ஆகாமல் ஊர் திரும்பும்போது மாமியார் வீட்டில் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

### பிறந்த பிள்ளையை, ஆம்புலன்ஸில்

பிரசவம் நெருங்கிவிட்டது, வழியிலேயே பிறந்துவிடும் என்றால், அல்லது தாய்க்கு இரத்தப்போக்கோ வலிப்போ இருந்தால், பக்கத்து மருத்துவமனையில் பிரசவம் பார்ப்பதுதான் சரி. பேருந்து நிறுத்தத்திலோ டாக்ஸியிலோ பிறக்கும் 30 வாரத்துப் பிள்ளையைவிட, மேலூரிலோ திருமங்கலத்திலோ அரசு மருத்துவமனையில் பிறக்கும் பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம்.

108 சேவையில் பச்சிளங்குழந்தைகளுக்கென்றே இங்குபேட்டருடன் தனி வண்டிகள் இருக்கின்றன. சாதாரண வண்டி கிடைக்கிறதே என்று உடனே ஏற்றிவிடாமல், அந்த வண்டியைக் கேளுங்கள். அது வரும்வரை பிள்ளையைச் சூடாக வைப்பதும் மூச்சைத் தாங்குவதும்தான் வேலை. உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். குளிர்ந்து வந்து சேரும் பிள்ளையின் நுரையீரலுக்கு எந்த மருந்தும் முழுதாக வேலை செய்யாது. வண்டி தாமதமாகி, பிள்ளையின் மூச்சும் நிலையாக இருந்தால், தந்தையோ அம்மாச்சியோ சட்டையைத் தளர்த்தி நெஞ்சோடு அணைத்து வைத்திருப்பதே நல்ல ஹீட்டர்.

அனுப்பும் சீட்டில் ஐந்து விவரங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்: எத்தனை வாரம், ஊசி எத்தனை, எந்த நேரத்தில் போட்டார்கள், நீர்க்குடம் எப்போது உடைந்தது, பிறந்தவுடன் பிள்ளை அழுததா. இவை இல்லாவிட்டால் சேர்க்கும் இடத்து மருத்துவர் முதல் மணி நேரத்தை ஊகத்திலேயே கழிக்க வேண்டியிருக்கும்.

## இரண்டாவது முடிவு: மூச்சுக்கு எது?

இங்கே தேர்வு மருத்துவருடையது. ஆனால் என்ன செய்கிறார்கள், ஏன் என்று தெரிந்தால் கையெழுத்துப் போடும் கை நடுங்காது.

| வழி | யாருக்கு ஏற்றது | பலன் | மறைமுக விலை |
|---|---|---|---|
| ஆக்ஸிஜன் மட்டும் | லேசான சிரமம், 34 வாரத்துக்கு மேல் | எளிது, எங்கும் கிடைக்கும் | ஒட்டிய காற்றுப் பையைத் திறக்காது. அளவு மீறினால் கண்ணுக்குக் கேடு |
| பபிள் சிபாப் (மூக்கு வழியே அழுத்தத்தோடு காற்று) | தானாக மூச்சு விடும், திணறும் பிள்ளை | காற்றுப் பையைத் திறந்தே வைக்கும். குழாய் தொண்டைக்குள் போகாது | மூக்குப் புண், வயிறு ஊதல், சில நேரம் நுரையீரலில் காற்றுக் கசிவு. ஓயாத கவனிப்பு |
| சர்ஃபாக்டன்ட் மருந்து | சிபாப்பிலும் 30 சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜன் தேவைப்படும் பிள்ளை | குறையை நேரடியாக நிரப்பும் | விலை. உள்ளே விடத் தேர்ந்த கை வேண்டும் |
| வென்டிலேட்டர் | மூச்சு விட்டு விட்டு நிற்கும் பிள்ளை, சிபாப்பில் தேறாத பிள்ளை | உயிரைத் தாங்கும் | நுரையீரல் தழும்பு, தொற்று, நீளும் நாட்கள் |

### ஆக்ஸிஜன் மட்டும்

பழைய பழக்கம். கண்ணாடிக் கூண்டுக்குள் ஆக்ஸிஜனைத் திறந்துவிட்டால் பிள்ளை சிவக்கும், எல்லோரும் நிம்மதி அடைவார்கள். நோய் அப்படியே இருக்கும். 1940-களிலும் 50-களிலும் மேலை நாடுகளில் தாராளமாக ஆக்ஸிஜன் வைத்த குறைமாதப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பார்வை இழந்தார்கள். பிறகு பயந்து அளவை வெட்டியதும், மூச்சில்லாமல் இறந்த பிள்ளைகள் கூடினார்கள். இரண்டு பக்கமும் குழி இருப்பதால், இன்று 90 முதல் 95 சதவீதம்வரை இரத்த ஆக்ஸிஜனை நிறுத்தி வைக்கப் பார்க்கிறார்கள். மானிட்டரில் 100 காட்டினால் மகிழாதீர்கள். ஆக்ஸிஜன் ஓடும்போது 100 என்பது பிள்ளைக்குத் தேவைக்கு மேல் போகிறது என்ற எச்சரிக்கை.

ஆக்ஸிஜனையும் சாதாரணக் காற்றையும் கலந்து தரும் பிளெண்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாத இடத்தில் 32 வாரத்துக்குக் குறைந்த பிள்ளையை நீண்ட நாள் வைத்திருக்க வேண்டாம் என்பேன்.

### பபிள் சிபாப்

இந்த ஒப்பீட்டில் எனக்குப் பிடித்தது இதுதான். மூக்கில் இரண்டு சிறு குழல்கள் வழியே அழுத்தத்தோடு காற்று போகும். வெளியேறும் குழாயின் நுனி ஒரு தண்ணீர்ச் சாடியில் மூழ்கியிருக்கும். 5 சென்டிமீட்டர் மூழ்கியிருந்தால் 5 சென்டிமீட்டர் அழுத்தம். பிள்ளையின் மூச்சுக்கு இப்படி இடைவிடாத அழுத்தம் தருவதை முதலில் 1971-இல் கிரிகரி என்னும் மயக்க மருத்துவரின் குழு பதிவு செய்தது. தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டே இருந்தால் வேலை செய்கிறது. குமிழி நின்றால் எங்கோ கசிகிறது. இதைத் தாயும் பார்த்துச் சொல்லிவிடலாம்.

25 முதல் 28 வாரத்துப் பிள்ளைகளிடம் நேராக வென்டிலேட்டருக்குப் போவதா, சிபாப்பில் தொடங்குவதா என்று ஒப்பிட்ட 2008-ஆம் ஆண்டு ஆய்வில் உயிர் பிழைப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. சிபாப்பில் தொடங்கியவர்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டோருக்கு முதல் ஐந்து நாளில் குழாய் போடவே வேண்டியிருக்கவில்லை. ஆனால் நுரையீரலிலிருந்து காற்று நெஞ்சுக்குள் கசிந்தது இவர்களுக்கு 9 சதவீதம், வென்டிலேட்டர் பிரிவில் 3 சதவீதம். ஆக இது விளையாட்டான சிகிச்சை அல்ல. மூக்குத் தண்டு புண்ணாகாமல் பார்க்கவும், ஊதும் வயிற்றிலிருந்து காற்றை எடுக்கவும், தலைத் தொப்பியைச் சரி செய்யவும் மணிக்கொரு தரம் ஒருவர் வர வேண்டும். ஒரு செவிலியருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்பதுதான் சிபாப்பைப் பற்றிக் கேட்கக்கூடிய சரியான கேள்வி.

ஹை ஃப்ளோ என்று, மூக்கு வழியே காற்றை வேகமாக விடும் ஒன்றையும் சொல்வார்கள். மூக்குக்கு மென்மை, ஆனால் முதல் சிகிச்சையாகக் கொடுத்தால் சிபாப்பைவிட அடிக்கடி தோற்கிறது. தேறும் பிள்ளைக்கு ஓர் இறங்குபடியாக நல்லது.

சிபாப்போடு சேர்த்து காஃபீன் மருந்தும் கொடுப்பார்கள். மூச்சு விட மறந்துபோகும் சிறு மூளையைத் தட்டி எழுப்புவது அதன் வேலை. 2006-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் நாள்பட்ட நுரையீரல் நோய் காஃபீன் பெற்றவர்களில் 36 சதவீதமாகவும், பெறாதவர்களில் 47 சதவீதமாகவும் இருந்தது. நாம் குடிக்கும் காபியில் இருக்கும் அதே பொருள்தான். அதற்காக யாரும் வீட்டிலிருந்து டிகாக்ஷன் கொண்டுபோக வேண்டாம்.

### சர்ஃபாக்டன்ட் மருந்து

1980-இல் ஜப்பானில் ஃபுஜிவாரா குழு பத்துப் பிள்ளைகளுக்கு மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த மருந்தை உள்ளே விட்டு வெற்றி கண்டது. இன்று கிடைப்பவை மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பவை. இதை மருத்துவமனையில் வாய் திறந்து சொல்வதில்லை. மத உணர்வு உள்ள குடும்பங்கள் கேட்கலாம், கேட்டதற்காக யாரும் கோபிக்க மாட்டார்கள். ஆனால் பதிலுக்காக மணிக்கணக்கில் வீட்டுப் பெரியவர்களுக்குத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. தேவை என்று தெரிந்தபின் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம்.

எடைக்கு ஏற்ப அளவு. மாட்டு மருந்தில் பரவலான ஒன்று கிலோவுக்கு 4 மில்லிலிட்டர், பன்றி மருந்து முதல் தடவைக்கு 2.5 மில்லிலிட்டர். ஒரு குப்பி ஆயிரக்கணக்கான ரூபாய். சில பிள்ளைகளுக்கு இரண்டாம் முறையும் வேண்டும். வெளியே வாங்கி வரச் சொன்னால் குளிர்ப் பையில் எடுத்துவாருங்கள். 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய பொருளைச் சித்திரை வெயிலில் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கக் கூடாது.

கொடுக்கும் முறையில் இரண்டு. தொண்டைக்குள் குழாய் போட்டு, மருந்து விட்டு, உடனே குழாயை எடுத்துவிட்டு சிபாப்புக்குத் திரும்புவது ஒன்று. பிள்ளை சிபாப்பிலேயே மூச்சு விட்டுக்கொண்டிருக்க, மெல்லிய குழலால் விடுவது இன்னொன்று. இரண்டாவது நுரையீரலுக்கு மென்மையானது. ஆனால் கை பழகாதவர் செய்தால் மருந்து வயிற்றுக்குள் போய்விடும். மருத்துவருக்கு எந்த முறை பழக்கம் என்பதே இங்கே சிறந்த அளவுகோல்.

ஒரு எச்சரிக்கை: எல்லாக் குறைமாதப் பிள்ளைக்கும் இது வேண்டாம். ஸ்டீராய்டு ஊசி போட்ட தாயின் 32 வாரத்துப் பிள்ளைகள் பலர் சிபாப்பிலேயே தேறிவிடுகிறார்கள்.

### வென்டிலேட்டர்

பெரியவர்களுக்கு வென்டிலேட்டர் வைத்த கதைகளைக் கேட்டுக் கேட்டு, 'வைத்தால் முடிந்தது' என்று நம்பிவிட்டோம். குறைமாதப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. சர்ஃபாக்டன்ட் வேலை செய்து, பிள்ளையே சுரக்கத் தொடங்கியதும் சில நாளில் குழாயை எடுத்துவிடுவது வழக்கம். மூச்சு நின்று நின்று போகும் பிள்ளைக்குச் சம்மதம் தரத் தயங்கி நான்கு மணி நேரம் கழிப்பது, அந்த இயந்திரம் செய்யும் கெடுதலைவிடப் பெரிய கெடுதல்.

கெடுதல் உண்டு என்பதும் உண்மை. காற்றை மிகுதியாகத் தள்ளினால் நுரையீரல் தழும்பேறும். கரியமில வாயு ரொம்ப இறங்கினால் மூளைக்கு ஆகாது. நாள் கூடக் கூடத் தொற்று கூடும். அதனால் 'வைக்கலாமா' என்பதைவிட, 'எப்போது எடுக்கப் பார்ப்பீர்கள்' என்ற கேள்வியை ஒவ்வொரு காலையும் கேளுங்கள். குழாய் இருக்கும்வரை பிள்ளை அழும் சத்தம் வெளியே கேட்காது. பயப்பட வேண்டாம்.

## மூன்றாவது முடிவு: மூடாத குழாய்க்குக் காத்திருப்பதா, மருந்தா, ஆபரேஷனா?

எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துவிட்டு 'பி.டி.ஏ. இருக்கிறது' என்று சொன்ன நிமிடத்திலிருந்து, 'இதயத்தில் ஓட்டை' என்று ஊர் முழுக்கச் செய்தி பரவிவிடும். ஓட்டை இல்லை, மூட வேண்டிய குழாய் இன்னும் மூடவில்லை.

காத்திருப்பது. பத்து வருடத்துக்கு முன் இதைச் சொன்னால் அலட்சியம் என்றிருப்பார்கள். 28 வாரத்துக்குக் குறைந்த பிள்ளைகளிடம் நெதர்லாந்து, பெல்ஜியம், டென்மார்க் மருத்துவர்கள் செய்து 2022-இல் வெளியிட்ட ஆய்வில், காத்திருந்தவர்கள் உடனே மருந்து கொடுத்தவர்களைவிட மோசமாகவில்லை. 2024-இல் பிரிட்டனில் வந்த பெரிய ஆய்விலும் சீக்கிரமே ஐபுபுரூஃபன் கொடுத்ததால் இறப்போ நுரையீரல் நோயோ குறையவில்லை. குழாய் சிறியது, பிள்ளை சிபாப்பில் அமைதியாக இருக்கிறது, சிறுநீர் நன்றாகப் போகிறது என்றால் காத்திருப்பதே ஒரு சிகிச்சை.

மருந்து. குழாய் பெரிதாகி, வென்டிலேட்டரிலிருந்து இறக்க முடியாமல், நாடி துள்ளித் துள்ளி அடித்தால் மருந்து. ஐபுபுரூஃபன் மூன்று நாள் மூன்று தவணை. சிறுநீரகத்தையும் குடலையும் இரத்தத் தட்டணுக்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும். காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமாலும் இந்தக் குழாயை மூட உதவுகிறது. சிறுநீர் குறைந்த பிள்ளைக்கு அது பாதுகாப்பானது. விலையும் குறைவு.

மூடுவது. மருந்து தோற்று, பிள்ளை தேறாமல் நின்றுவிட்டால் மட்டும். விலாவைத் திறந்து கட்டும் ஆபரேஷனில் குரல் நரம்பு பாதிக்கப்பட்டு அழுகை கம்மிப்போக வாய்ப்புண்டு. தொடை வழியாகக் கம்பி செலுத்தி, சிறு அடைப்பானை வைக்கும் முறைக்கு 2019-இல் அமெரிக்காவில் 700 கிராம் முதல் அனுமதி கிடைத்தது. அவ்வளவு சிறிய பிள்ளைக்குச் செய்யும் கைகள் எல்லா ஊரிலும் இல்லை. பயணத்தின் ஆபத்தையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

இரத்த அழுத்தம் குறைந்தால் தரும் டோபமின் போன்ற மருந்துகளைப் பற்றி ஒரு வரி போதும்: மானிட்டர் எண்ணை மட்டும் பார்த்துத் தொடங்காமல், சிறுநீர், தோலின் நிறம், கை கால் சூடு ஆகியவற்றையும் பார்க்கும் மருத்துவர் நல்ல மருத்துவர். நைட்ரிக் ஆக்சைடு வாயு விலை உயர்ந்தது. நுரையீரல் தமனி அழுத்தம் எகிறிய நிறைமாதப் பிள்ளைகளுக்கே அது முக்கியமாக. குறைமாதப் பிள்ளைக்கு வழக்கமான சிகிச்சை அல்ல. அதற்காகவென்று ஊர் மாற்றச் சொன்னால் ஏன் என்று இருமுறை கேளுங்கள்.

## நான்காவது முடிவு: பெட்டியா, நெஞ்சா?

பிள்ளையைத் தோலோடு தோலாக நெஞ்சில் அணைத்து வைக்கும் கங்காரு முறை 1970-களின் இறுதியில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இங்குபேட்டர் பெட்டிகளின் பற்றாக்குறையால் தொடங்கியது. ஏழைகளின் மாற்று என்ற பெயர் அதற்கு நீண்ட நாள் ஒட்டியிருந்தது. 2021-இல் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குள் பிறந்த பிள்ளைகளிடம் செய்த ஆய்வு அதைத் துடைத்துவிட்டது. நிலைப்படும்வரை காத்திராமல் பிறந்தவுடனேயே நெஞ்சோடு வைத்த பிரிவில் 28 நாளுக்குள் இறந்தது 12 சதவீதம். பெட்டியில் வைத்துப் பிறகு தொடங்கிய பிரிவில் 15.7 சதவீதம். சிபாப்பில் இருக்கும் பிள்ளைக்கும் செய்யலாம்.

பெட்டி மேலாக இருப்பது வென்டிலேட்டரில் இருக்கும் பிள்ளைக்கும், மிகவும் நிலைகுலைந்த பிள்ளைக்கும். மற்றவர்களுக்குக் கேள்வி ஆள்தான். அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட தாயால் நாள் முழுக்க முடியாது. அப்பா, அம்மாச்சி, அப்பத்தா, சித்தி, யாராக இருந்தாலும் சரி. குளித்து, கை கழுவி, சளி காய்ச்சல் இல்லாமல் வந்தால் போதும். தீட்டு என்று சொல்லித் தந்தையை 16 நாள் வெளியே நிறுத்தும் வீடுகள் உண்டு. அந்த 16 நாளில்தான் பிள்ளைக்கு அவர் மிகவும் தேவை. உறவினரை உள்ளே விடுகிறார்களா என்பதை மருத்துவமனையைத் தேர்வதற்கான ஓர் அளவுகோலாகவே வைத்துக்கொள்ளலாம்.

## ஐந்தாவது முடிவு: பெரிய ஆஸ்பத்திரியா, தனியாரா?

அரசு மருத்துவமனை. 28 வாரத்துக்குக் குறைந்த பிள்ளை, நீண்ட நாள் சிகிச்சை, கையில் பணம் குறைவு என்றால் இதுதான். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இரவும் பயிற்சி மருத்துவர்கள் இருப்பார்கள். நிறையப் பிள்ளைகளைப் பார்த்த கைகள். ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் கட்டணமில்லாச் சிகிச்சைக்கு மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. நெரிசல்தான் விலை. செவிலியர் ஒருவருக்குப் பிள்ளைகள் அதிகம், விளக்கம் கேட்க மருத்துவர் கிடைப்பது அரிது. தாயோடு தங்கும் ஆளுக்குச் சாப்பாடு, பனகல் சாலையில் ஆட்டோ, இழந்த கூலி என்று 'இலவச' சிகிச்சைக்கும் ஒரு பில் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

தனியார் மருத்துவமனை. 32 வாரத்துக்கு மேல், சில நாள் சிபாப் போதும் என்றால், ஆள் கவனிப்பு உள்ள நல்ல தனியார் இடம் சௌகரியம். பச்சிளங்குழந்தை மருத்துவர் இரவு அங்கேயே இருக்கிறாரா, அழைத்தால் வருகிறாரா என்று கேளுங்கள். நாள் கட்டணத்தில் வென்டிலேட்டர், எக்கோ, இரத்தப் பரிசோதனை, கண் பரிசோதனை அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் அங்கே செல்லுமா, எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பதைச் சேர்க்கும் அன்றே விசாரியுங்கள். தனியார் பாலிசி வைத்திருப்பவர்கள் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: மகப்பேறு சேர்க்காத பல பாலிசிகள் பிறந்து 90 நாள் ஆகும்வரை பிள்ளையைக் கணக்கில் எடுப்பதில்லை.

எங்கே வைத்தாலும் கண் பரிசோதனையை மறக்க விடாதீர்கள். 34 வாரத்துக்குக் குறைவாகவோ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த பிள்ளைக்குப் பிறந்த 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். 28 வாரத்துக்கும் குறைவு என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே. பிள்ளை வீட்டுக்குப் போய்விட்டாலும் இந்தத் தேதி மாறாது. தமிழகத்தில் 1996-இல் குறைமாதமாகப் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு இந்தப் பரிசோதனை சொல்லப்படாமல் பார்வை போன வழக்கில், 2015-இல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் பிறந்த ஊர் நம்முடையது; மதுரையில் இருந்துகொண்டு இதைத் தவறவிடச் சாக்கு எதுவும் இல்லை.

தனியாரில் சேர்த்துவிட்டு, நகை அடகு வைத்து, வட்டிக்கு வாங்கி, எல்லாம் தீர்ந்த பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றக் கேட்கும் குடும்பங்கள்தாம் அதிகம் நொந்துபோகின்றன. அப்போது பிள்ளை வென்டிலேட்டரில் இருக்கும், பயணமே ஆபத்து. மாற்றுவதாக இருந்தால் பிள்ளை சிபாப்பில் நிலையாக இருக்கும் நாளில், பகல் வேளையில், போய்ச் சேரும் இடத்தில் படுக்கை உறுதியானபின் மாற்றுங்கள். அதற்கு, பிள்ளையைச் சேர்த்த முதல் நாளே மருத்துவரிடம் 'எங்களால் இத்தனை வாரம்தான் தாங்கும்' என்று தொகையோடு சொல்லிவிட வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கும். சொன்னால் சிகிச்சையைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயமும் இருக்கும். நேர்மையான மருத்துவர் அந்தத் தொகையைக் கேட்டதும், எந்த நாளில் மாற்றுவது பிள்ளைக்குப் பாதுகாப்பு என்று உங்களோடு உட்கார்ந்து திட்டமிடுவார்.